பின்சுவர்க் குழாய்

கீத்லி, இங்கிலாந்து,
ஜனவரி 17

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

அண்ணன் நெவில் எழுதுகிறேன். நியூசிலாந்தில் உங்களுக்கு இப்போது வெயில் காலம். பிள்ளைகள் கடலில் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஆடட்டும். இங்கே பத்து நாளாக எல்லாம் உறைந்து கிடக்கிறது. அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று போனில் சொன்னேன், அது உண்மை. பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, அதை நான் சொல்லவில்லை. எண்பத்து மூன்று வயது, எண்பத்து மூன்று வயது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிப் போகையில் வழுக்கியதாக அப்பா உன்னிடம் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அதையேதான் சொன்னார். அப்பா தெருவுக்குக் குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை. அவர் விழுந்தது திங்கள்.

போன மார்ச்சில் அப்பா வீட்டைச் சூடாக்கப் புது பாய்லர் மாட்டியது நான்தான். யார் வீட்டு வேலையானாலும் முதலில் பழைய குழாய்களை அளந்து பார்ப்பது என் வழக்கம். இருந்த கேஸ் குழாய் புது பாய்லருக்குப் பத்தாது என்று தெரிந்ததும், அவர் முனகினாலும் கேட்காமல் தரைப் பலகையைப் பெயர்த்துப் பெரிய குழாயாகப் போட்டேன். கேஸ் விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. மிச்சமிருந்தது பாய்லரின் கழிவுநீர் சொட்டி இறங்கும் குழாய். பின்சுவரில், வெளிப்பக்கம், விரல் தடிமன்தான் இருக்கும். கடுங்குளிரில் அதற்குள் தண்ணீர் உறைந்தால் பாய்லர் நின்றுவிடும். தடித்த குழாயாக மாற்றி மேலே நுரை உறை சுற்ற வேண்டும். அரை நாள் வேலை. ஆனால் அன்று மழை.

"டேய், உன் முட்டி இருக்கிற லட்சணத்துல ஈர ஏணில ஏறாத. தண்ணி சொட்டுற குழாய்தானே, கிடக்கட்டும். சாப்பாடு ஆறிப்போகுது, வா" என்றார் அப்பா. எனக்கும் அலுப்பு. மழை விட்டதும் வருகிறேன் என்றேன். மழை விட்டு எத்தனையோ மாதம் ஆயிற்று. ஊரார் வீட்டுக்கெல்லாம் போனேன், அங்கே போகவில்லை.

கிளம்பும்போது பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். குழாய் உறைந்தால் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் அதன் கீழ் வளைவில் ஊற்றுங்கள், பாய்லர் மறுபடி எரியும் என்று.

இந்தக் குளிரில் தினமும் காலையில் அதைத்தான் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டு மேவிஸ் நாலு நாள் பார்த்திருக்கிறாள். மகனைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டாளாம். "இந்தக் குளிர்ல அவனுக்குத் தலைக்கு மேல வேலை இருக்கும் மேவிஸ். ஒரு கெட்டில் தண்ணிதானே, எனக்கென்ன கேடு" என்றாராம். ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழே கல்தளத்தில் உறைந்திருக்கிறது. ஐந்தாம் நாள் அதன்மேல்தான் கால் வைத்திருக்கிறார். நான் போனபோது குப்பைத் தொட்டி அதன் இடத்திலேயே இருந்தது. கெட்டில் பின்சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

நேற்று குழாயை மாற்றிவிட்டேன். ஆளில்லாத வீட்டில் பாய்லர் ஜோராக எரிகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன் லோர்னா.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தத் தொட்டிச் சக்கரம் சரியில்லடா, பார்த்து வை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பார்க்கிறேன் அப்பா என்றேன்.

டிக்கெட் கிடைத்ததும் கிளம்பி வந்துவிடு. கனமான கோட்டு எடுத்து வா. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வீட்டில் வைத்துத் திட்டு. அவர் கட்டிலருகே மட்டும், குப்பைத் தொட்டி என்று அவர் ஆரம்பித்தால் முதல் தடவை கேட்பது போலக் கேள். சக்கரத்தை அண்ணன் சரி செய்துவிட்டான், இனி வழுக்காது என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

சீக்கிரம் வா.

உன் அண்ணன்,
நெவில்