மதினி கேட்டு வாங்கித் தந்த பங்கு

மதினி,

இன்று காலை கீழ்வீட்டு மராத்தி அம்மா தன் ஊரிலிருந்து வந்த புதுப் புளியை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஓடு நீக்கியது, கொட்டை எடுக்காதது. மராத்தியில் சிஞ்ச் என்றால் புளி, சிஞ்ச்வட் என்கிற இந்த ஊர்ப் பெயருக்குள்ளேயே புளியமரம் இருக்கிறது தெரியுமா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டுத் தட்டை முகத்தருகே கொண்டுபோனேன். நம் வீட்டுக் கொல்லைதான் கண்முன் வந்தது. மாசி மாத வெயில், விரித்த சாக்கு, எதிரெதிரே உட்கார்ந்து புளி உடைக்கும் நாம் இருவர். நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். அதற்கு முன் பழையதைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

நம் ஊர் சின்ன ஊர். பள்ளிவாசல், அதைச் சுற்றி ஓட்டு வீடுகள், கொஞ்சம் தள்ளிக் கண்மாய், அதன் கீழே வயல். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அதனால் சொத்துப் பேச்சை யாரும் வளரவிடுவதில்லை. வீட்டில் தகப்பன் மௌத்தானால், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த கையோடு பெண்பிள்ளைகள் பத்திர ஆபீசுக்குப் போவார்கள். தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். அன்றைக்கு வீட்டில் பிரியாணி. கையெழுத்துப் போட்டவளுக்கு ஒரு பட்டுச் சேலை. மகளுக்கும் பங்கு உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள்.

நம் அத்தா மௌத்தானபோது நான் சிஞ்ச்வட்டுக்குப் பக்கத்தில் கட்கியில் இருந்தேன். மாமனார் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில்தான் எங்கள் குடித்தனம். என் கணவருக்கு அதே பக்கத்தில் சாகண் என்ற ஊரில், வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள் நாற்பது முடிந்த பிறகும் சில வாரம் உங்களோடு தங்கினேன். அண்ணன் பத்திரம் எழுதச் சொல்லியிருந்தார். அவர் பேராசைக்காரர் இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நானும் கையெழுத்துப் போடத் தயாராகவே இருந்தேன். அம்மா முன்பே போய்விட்டார். அண்ணனையும் பகைத்துக்கொண்டால் பிறந்த வீடு என்று எனக்கு எது மிச்சம்?

அந்தக் கொல்லையில் புளி உடைத்துக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள். “கையெழுத்துப் போடப் போறியா?”

“பின்னே? எல்லாரும் போடுறதுதானே மதினி.”

“நானும் போட்டேன். பட்டுச் சேல குடுத்தாக.” கையில் இருந்த புளியைக் கீழே வைத்தீர்கள். “அப்புறம் ஒருவாட்டி மேலுக்கு முடியாமப் போயி எங்க அத்தா வீட்டுல கெடந்தேன். தம்பி பொண்டாட்டி நல்லவதான், ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா தண்ணி மோந்து குடிக்கிறதுக்கு முன்னாடி அவ மொகத்தப் பாத்தேன். நான் பொறந்து வளந்த வீடு அது. யாரும் பாக்கச் சொல்லல. நானாத்தான் பாத்தேன்.”

“அண்ணே கோவிச்சுக்கிட்டா?” என்று மட்டும் கேட்டேன்.

“கோவிப்பாகதான். அத நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஜமாஅத் தலைவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். பத்திர ஆபீசுக்கு என்றைக்குப் போகலாம் என்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து, “அந்தப் பத்திரம் வேணாம். தங்கச்சி பங்கப் பிரிச்சு அவ பேருக்கே எழுதிருங்க” என்றீர்கள்.

அண்ணன், “உள்ள போ” என்றார். நீங்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

“மூணு பிள்ளைய வச்சிருக்கே. அதுக வாயில போறத நீயே புடுங்கிக் குடுக்கிறியா?” என்றார் அண்ணன்.

“என் பிள்ளைகளுக்கு உங்க பங்கு போதும். இவ பங்குல வெளஞ்சத அதுகளுக்குப் போட எனக்கு மனசு ஒப்பல.”

நான் அடுப்படியில் சுவரோடு ஒட்டி நின்றேன். ஜமாஅத் தலைவருடைய அக்கா தங்கைகளும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஆனாலும் அவர், “அந்தப் புள்ள சொல்றதுதாம்ப்பா மார்க்கம்” என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஊரும் சும்மா இருக்கவில்லை. “நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கும் இவ ஆச காட்டிருவா” என்று ரேஷன் கடையில் உங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். நீங்கள் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு சலாம் சொல்லிவிட்டு வந்தீர்கள். பிறகு ஒருநாள் அண்ணன் தானாகவே சர்வேயரைக் கூட்டி வந்தார். கண்மாய்க்குக் கீழே வயலில் ஒரு துண்டும், வீட்டில் மேற்குப் பக்கத்து அறையும் என் பெயருக்கு வந்தன. என் துண்டையும் அண்ணனே உழுதார். அதில் விளைந்த நெல்லை நீங்கள் தனியாகக் குவித்து வைத்தீர்கள்.

அந்த அறையின் அருமை எனக்குச் சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சாகணில் என் கணவரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். கட்கி வீட்டில் கொழுந்தன் குடும்பமும் இருந்தது. ஒவ்வொரு நாளும் மனக்கசப்பு. உங்களுக்குப் போன் போட்டு, “மதினி, கொஞ்ச நாளைக்கு அங்க வரலாமா?” என்றேன்.

“ஒன் ரூமுக்கு வர என்கிட்ட எதுக்குக் கேக்குற? சாவி ஆணியில தொங்குது.”

அவர் அங்கேயே வேலை தேடிக்கொண்டிருக்க, நான் பிள்ளைகளோடு வந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் இருந்தேன். எப்போது கிளம்புவாய் என்று யாரும் கேட்கவில்லை. தனி அடுப்பு வைத்துக்கொண்டேன், ஆனாலும் பாதி நாள் உங்கள் அடுப்பில்தான் சாப்பிட்டோம். இந்தியும் மராத்தியும் பேசித் திரிந்த என் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார்கள். என் மகள் இந்த மடலை எழுத்துக்கூட்டாமலே படிப்பாள். மழைக்காலத்தில் ஒருநாள் அண்ணன் என் அறை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். “தங்கச்சி, ஓடு ஒழுகுது. மாத்திரவா?” என்று கேட்டார். அவர் எதற்காவது என்னிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்துங்கண்ணே என்று சொல்லிவிட்டு உங்களைத் தேடி ஓடிவந்தேன். நீங்கள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும், “நல்ல ஓடாக் கேட்டு வாங்கு” என்றீர்கள். அவ்வளவுதான்.

கணவருக்கு மறுபடி வேலை கிடைத்து, சிஞ்ச்வட்டில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடியேறினோம். போன வருடம் உங்கள் செய்தி கேட்டுப் புறப்பட்டு வந்தேன். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்கிற வருத்தம் எனக்கு என்றும் இருக்கும். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். “கடைசி வரைக்கும் ஒரே பேச்சு. நம்ம மகளுக்கும் பிரிச்சுக் குடுத்துருங்கன்னு. எழுதிட்டேன்” என்றார். ஊரில் இன்னும் பட்டுச் சேலை வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றவர்களும் இப்போது சிலர் இருக்கிறார்கள்.

இனிச் செய்தி. என் மாமனார் மௌத்தாகிவிட்டார். கட்கி வீட்டை மகன்கள் இருவர் பெயருக்கும் மாற்றப் போன வாரம் எல்லோரும் கூடினோம். நாத்தனாரும் வந்திருந்தாள். அவள் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள், மதினி என்று சொல்லாமல் பாபி என்பாள். “பாபி, எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க. எனக்கு எதுக்குப் பங்கு? சோடோ நா, விடுங்க” என்று சிரித்தாள். சிரித்தபடியே அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

“அவளுக்குச் சேர வேண்டியத ஒதுக்கிட்டு, மீதிய நீங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என் கணவர் திரும்பினார். “அரே, அவளே வேணாங்கிறா. உனக்கு என்ன ப்ராப்ளம்?”

“வேணாங்கலைங்க. கேக்க பயப்படுறா. நான் பயந்தவ, எனக்குத் தெரியும். உங்களுக்கு வேலை இல்லாதப்ப உங்க பிள்ளைங்க யாரு வீட்டுல இருந்தாங்க? என் வீட்டுல இருந்தாங்க. எங்க மதினி வாங்கிக் குடுத்த வீட்டுல.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் பெயரிலும் எழுதும்படி என் கணவர் சொல்லிவிட்டார் என்று மறுநாள் கொழுந்தன்தான் போனில் சொன்னார். இவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அண்ணன் பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்தை நீங்கள் எப்படிக் கடத்தினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் உங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை, மதினி. சோற்றைப் போட்டுவிட்டு, பதில் வந்தது மாதிரியே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆடு குட்டி போட்டது, கண்மாயில் தண்ணீர் ஏறியது, பள்ளிவாசல் மோட்டார் ரிப்பேரானது. நானும் அதையே செய்கிறேன். எங்கள் குடியிருப்புச் சொஸைட்டியில் தண்ணீர் வராததைச் சொன்னேன். லோக்கல் ரயில் தாமதமாக வந்ததைச் சொன்னேன். மகளுக்குப் பரீட்சை நெருங்குவதைச் சொன்னேன். சுவரிடம் பேசுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இன்று காலை இவர் டீயை வாயில் வைத்துவிட்டு, “சக்கர கம்மி” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனேன்.