சுப்பையா அண்ணன் இழுத்த கேபிள்

ஹட் பே, லிட்டில் அந்தமான், மார்ச் 14, திங்கள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய இந்த பம்ப் ஹவுஸில் மூன்று மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோலர். மூன்றையும் ஒரே திரையில் காட்ட வேண்டும். அதற்காகத்தான் என்னைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். நான்கு நாளாக முதல் மோட்டார் மட்டும்தான் தெரிகிறது. மற்ற இரண்டும் வரவே மாட்டேன் என்கின்றன. சனியன்.

கேபிள்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். அதை இழுத்தவர் இங்குள்ள ஆபரேட்டர் சுப்பையா அண்ணன். இன்று கொளுத்தும் வெயிலில் மண்ணைத் தோண்டி, பழையதை உருவிவிட்டுப் புதுக் கேபிள் போட்டார். அப்போதும் வரவில்லை.

மாலையில் மூன்றாவது கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தேன். இரண்டாவதற்குக் கொடுத்த அதே அடையாள எண் அதிலும் இருந்தது; ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் இரண்டுமே திரைக்கு வராது. செட்டிங்கை அப்படியே நகல் எடுத்துப் போட்டவன் நான். எண்ணை மாற்ற மறந்தவனும் நான். மாற்றினேன். ஒரே நிமிடத்தில் மூன்றும் திரையில் வந்துவிட்டன.

அண்ணன் மண் கையோடு ஓடி வந்தார். "டீக் ஹோ கயா சார், சரியாயிடுச்சு! அப்ப நான் முன்ன போட்ட கேபிள்தான் கோளாறு, இல்லயா? மாஃப் பண்ணுங்க சார்."

"பரவால்லண்ணே" என்றேன்.