கண்டக்டருக்கு வீக் ஆஃப்

என் ஆசை டிரைவர் அப்பாவுக்கு,

இன்று வியாழக்கிழமை. விவேக் நகரில் வியாழக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி, வண்டியைக் கொண்டுவந்து நம் சந்தில்தான் நிறுத்துகிறது. இப்போது நம் வாசலை மறித்து இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் நிற்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அந்த ஆட்டோக்காரருக்கு ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று வகுப்பு நடத்தியிருப்பீர்கள்.

கண்டக்டர் கிரில் கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் நாற்காலி போட்டு உட்காருவீர்களே, அதே இடம். அவன் தொப்பைக்குக் கம்பி இடைவெளி போதாது. ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்க்கிறான். நடுவில் திரும்பி என்னையும் பார்க்கிறான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் மேஜைக்கு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தது நீங்கள். நீங்கள் ரிட்டயர் ஆன வருஷம், மழையில் நனைந்த ஒரு பழுப்புப் பூனைக்குட்டியாக நம் பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக அவனே வந்து குதித்தான். வளர்ந்ததும் காம்பவுண்டுச் சுவர் மேலேயே நடந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான். யாரையும் விடாமல் டிக்கெட் கேட்கிறான் பார் என்று சிரித்தீர்கள். வென்டிலேட்டரில் உடைந்துபோன கண்ணாடியைக் கடைசிவரை மாற்ற விடவில்லை. கேட்டால், அதுதான் அவன் ஏறும் படிக்கட்டு என்பீர்கள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், கண்டக்டர் ரைட் சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று வீட்டிலும் அதே விளையாட்டு. அவன் வெளியே போகும்போது மட்டும் முறை மாறிவிடும். "ரைட் ரைட்" என்று நீங்கள்தான் குரல் கொடுப்பீர்கள். அதற்குப் பிறகுதான் அவன் குதிப்பான். இல்லை, அவன் குதிக்கிற நேரம் பார்த்து நீங்கள் சொன்னீர்களோ என்னவோ.

பிறகு உங்களுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதல் தடவை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி டிப்போவுக்கே போய்விட்டீர்கள். அங்கே பழைய ஆட்கள் இருந்தார்கள், டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்து விட்டார்கள். இரண்டாவது தடவை காலையில் போனவர் சாயங்காலம்வரை கிடைக்கவில்லை. ஓசூர் ரோடு ஓரத்தில், ஒரு காலில் செருப்பில்லாமல், பாதத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். "இந்த ஸ்டாப்ல ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது பாப்பா" என்றீர்கள். அது ஸ்டாப்பே இல்லை அப்பா. நடுவில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன.

அன்றைக்கே பூட்டு வாங்கினேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு மாறினேன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் புகார்களைக் கேட்கிற வேலை. உங்கள் கழுத்தில் இருந்த குழந்தை இயேசு மெடலின் பின்னால் என் போன் நம்பரை எழுதி லேமினேட் செய்து சேர்த்துக் கட்டினேன். பழைய கயிறு இற்றிருந்தது என்று நைலான் கயிறு மாற்றினேன். அறாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

சாவியை எங்கே வைத்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். யார் பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆளுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ. அதனால் தினம் ஒரு இடம். ஒரு நாள் அரிசி டப்பா, ஒரு நாள் மாதா படத்துக்குப் பின்னால், ஒரு நாள் பிரிட்ஜ் மேல் ஹெல்மெட்டுக்குள். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பீர்கள்.

"பாப்பா, கேட்டத் தெற. டூட்டிக்கு லேட்டாவுது."

"இன்னிக்கு வீக் ஆஃப்பா."

வேறு எதற்கும் மசியாதவர் அதற்கு மட்டும் அடங்குவீர்கள். உங்களுக்குச் சட்டம் என்றால் சட்டம். நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் மேல் போகிற கண்டக்டருக்கு ரைட் சொல்வீர்கள். இரண்டு வருஷம், ஒரு நாள் விடாமல் உங்களுக்கு வீக் ஆஃப் கொடுத்தேன். பொய் சொல்கிறோமே என்று முதல் வாரம் அழுதேன். அப்புறம் அழுகை நின்றுவிட்டது, பல் தேய்ப்பது மாதிரி தினசரி வேலையில் சேர்ந்துவிட்டது.

கடைசி மாதத்தில் ஒரு நாள், தெளிவாக, பழைய குரலில் கேட்டீர்கள். "பாப்பா, எல்லா நாளும் வீக் ஆஃப்னா... என்னைய வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?"

ஹெட்போனில் யாரோ காத்திருந்தார்கள். சாப்பிடலாம் வாங்கப்பா என்றேன். நீங்களும் வந்து சாப்பிட்டீர்கள். மறுபடி அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. பதில் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டீர்களா அப்பா? அந்த நினைப்போடுதான் போனீர்களா?

உங்களைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அந்த மெடலைக் கழற்றி எடுத்துவைத்துக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று, அதைக் கண்டக்டர் கழுத்தில் கட்டினேன். நீங்கள் போனதிலிருந்து எனக்கு அவன் மேல்தான் பயம். அவன் சுற்றுகிற இடத்தில் என்ன இல்லை? சந்துமுனையில் நாய்கள், மூலை குடோனில் எலி மருந்து, பைக்கை எடுத்தால் நிறுத்தத் தெரியாத பையன்கள். சாமியார் மந்திரித்த மெடல், பின்னால் என் நம்பர். உங்களைக் காப்பாற்றியது இவனையும் காப்பாற்றும் என்று நினைத்தேன். அவிழாமலிருக்க இரட்டை முடிச்சு வேறு போட்டேன்.

மெடல் கட்டிய நான்காம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும். வெளியே பக்கத்து வீட்டு நசீமா ஆன்ட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வந்து பார்த்தால் எதிர்ச் சுவரின் இரும்பு வேல் முனையில் கயிறு மாட்டி, கண்டக்டர் தொங்கிக்கொண்டிருந்தான். கத்தக்கூட அவனுக்கு மூச்சில்லை. பின்னங்கால் இரண்டும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன.

நான் ஓடியிருக்க வேண்டும். கேட் பூட்டியிருந்தது. நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும், யாருக்காக என்று கேட்காமல் நான் பூட்டிக்கொண்டுதான் இருந்தேன். சாவியைத் தினம் ஒரு இடத்தில் ஒளித்துக்கொண்டும் இருந்தேன். அன்றைக்கு எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அரிசி டப்பாவில் கைவிட்டுத் துழாவினேன். மாதா படம் கீழே விழுந்தது. சாவி கிடைக்கவில்லை. கேட்டுக்கு ஓடி வந்து, நீங்கள் பிடித்த அதே இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நசீமா ஆன்ட்டி பிளவுஸ் வெட்டுகிற கத்தரிக்கோலோடு ஸ்டூல் போட்டு ஏறினார். அவருக்கு முட்டி வலி, உங்களுக்குத் தெரியும். ஒரு கையால் அவனைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கயிற்றை நறுக்கினார். அவருடைய கை முழுக்கக் கீறல். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. சாவி அரை மணி கழித்து என் நைட்டிப் பையிலேயே கிடைத்தது.

இதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள்? மறுநாளே பலகை வாங்கி வந்து வென்டிலேட்டரை அடைத்தேன். ஆணியை நானே அடித்தேன்.

இரண்டு மாதம் அப்பா. முதல் வாரம் அந்தப் பலகையைப் பிராண்டினான், நகம் உடைகிறவரைக்கும். பிறகு உங்கள் கட்டில் கால், உங்கள் நாற்காலி என்று எல்லாவற்றின் மேலும் மூத்திரம் அடித்துவைத்தான். பிறகு சத்தமே இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நக்கிக்கொண்டே இருந்தான். சமர்த்தாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். உங்களைப் பற்றியும் ஒரு நாள் இதையே டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போதெல்லாம் அப்பா தொந்தரவே செய்வதில்லை என்று.

தைத்த துணியைக் கொடுக்க வந்த நசீமா ஆன்ட்டிதான் அவனைப் புரட்டிப் பார்த்தார். வயிற்றில் முடியே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது.

வெளியே போனால் செத்துவிடுவான் ஆன்ட்டி என்றேன். அவர் உங்கள் நாற்காலியைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க அப்பாவுக்குப் பூட்டு போட்ட, நான் ஒண்ணும் சொல்லல. அவருக்கு வழி தெரியாம பூட்ச்சி. இவனுக்கு வழி தெரியும்மா. வழி தெரிஞ்சவன எதுக்கு அடைச்சி வெக்கிற?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு அழுதேன். உங்களைப் பூட்டியது சரிதான் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அதை இப்படி, ஒரு பூனையைப் பற்றிப் பேசுகிற சாக்கில்தான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் அவனைக் காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அரை நாள் லீவு போட்டேன். வீட்டுப் பூனையா, தெருப் பூனையா என்று கேட்டு டாக்டரம்மா பேனாவோடு காத்திருந்தார். இரண்டும் என்றேன். அப்படி ஒரு கட்டம் ஃபாரத்தில் இல்லையம்மா என்று சிரித்தார். ஆனால் அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பூனைக்குத்தான். கருத்தடை ஆபரேஷன் செய்தால் சண்டைக்கும் ஜோடி தேடியும் தூரமாகப் போகமாட்டான். ஊசிகளைத் தவறாமல் போட வேண்டும். கழுத்தில் கயிறே கூடாது, கட்டியே ஆக வேண்டும் என்றால் இழுத்தால் தானாகக் கழன்றுவிடுகிற பட்டைதான். பசியோடு வெளியே விட்டு, திரும்பி வந்ததும் சாப்பாடு போட வேண்டும், அப்போதுதான் நேரத்துக்கு வீடு வருவான். இருட்டுவதற்கு முன்னால் உள்ளே.

ஒன்றுமே ஆகாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா டாக்டர் என்று கேட்டேன். முடியாது என்றார். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. இந்த வாரம் நானும் நசீமா ஆன்ட்டியும் வேலையில் இறங்கினோம். எதிர்ச் சுவரின் வேல் முனைகளுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சொருகினோம். அவன் ரோட்டில் இறங்காமலே மொட்டை மாடிக்குப் போக, வென்டிலேட்டரிலிருந்து ஆன்ட்டியின் சன்ஷேட் வரைக்கும் அகலமாக ஒரு பலகை போட்டோம். வென்டிலேட்டரை அடைத்த அதே பலகைதான், ஆணியைப் பிடுங்கிவிட்டேன். இப்போதைக்கு அந்த ஓட்டையில் உங்கள் தலையணை இருக்கிறது. குடோன்காரரிடம் ஆன்ட்டி போய்ப் பேசினார். எலி மருந்தை இனிமேல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வைக்கிறாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கருவாட்டுத் தூள் போட்ட டப்பாவைக் குலுக்கிவிட்டுத்தான் சாப்பாடு வைக்கிறேன். சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறான். எங்கிருந்தாலும் என்றால் இந்த இரண்டு அறைக்குள்தான், வெளியே இருந்து வருவானா என்று தெரியாது.

நாளைக்குத் தெரியும். நாளை காலை பத்து மணிக்கு, ஸ்கூல் வேன்கள் எல்லாம் போன பிறகு, தலையணையை எடுக்கப்போகிறேன். இன்றைக்கே எடுத்திருக்கலாம், வியாழக்கிழமைக் கூட்டத்தைச் சாக்கு வைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டேன். ஒருவேளை அவன் திரும்பி வராவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓசூர் ரோட்டுக்குப் போய்த் தேடுவேனா?

கிரில் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். சாவியை மட்டும் ஒளிக்கவில்லை. இப்போது ஒரு வாரமாக அது ஆணியில், உங்கள் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காய்கறிக்கும் கோயிலுக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் தவிர நான் வெளியே போய் எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தேன். எனக்கும் வழி தெரியும்தானே? தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டு மழுப்பினேனே, அதற்கு. உங்களை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை அப்பா. முப்பது வருஷத்தில் உங்கள் பேரில் ஒரு புகார் கிடையாது. டிப்போவில் இன்றும் உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். கேட்டைப் பூட்டியது நான். வீக் ஆஃப் என்று சொன்னதும் நான். உங்களைத் தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் செய்தேன். அதை அன்றைக்கே உங்கள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிமேல் இந்த வீட்டில் வீக் ஆஃப் வாரத்துக்கு ஒரு நாள்தான். கண்டக்டருக்கு வியாழக்கிழமை, இந்தக் கூட்டத்துக்காக. மற்ற ஆறு நாளும் பத்து மணிக்கு வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று "ரைட் ரைட்" சொல்லி அவனை அனுப்புவேன். நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்; அவனை அனுப்பிவிட்டுக் கேட்டைத் திறந்து, உங்கள் பழைய ரூட் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து கடைசி ஸ்டாப்வரை போய்வருவேன். ஐந்து மணிக்கு டப்பாவைக் குலுக்க வந்துவிடுவேன். இது சத்தியம்.

டூட்டிக்கு லேட்டாக்கின
உங்கள் பாப்பா,
ஜெசிந்தா