பாஞ்சாலைக்குச் செய்த காற்றுப்பெட்டி

9.8.1979
பக்கத்து ரைஸ் மில் தூசியைப் பற்றி நான்கு மனு போட்டாயிற்று. ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. இனி மனு இல்லை. டீத்தூள் வந்த மரப்பெட்டிக்குள் டேபிள் ஃபேனை வைத்து, பின்பக்கம் கடலைச் சாக்கை நனைத்துக் கட்டினேன். தூசி சாக்கில் தங்கிவிடும், சுத்தமான காற்று வரும். எவனும் சொல்லித்தரவில்லை. இன்று பகலில் என் வீட்டுக்காரி பாஞ்சாலை இளைப்பில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

21.8.1979
காற்று குறைந்துவிட்டது. சாக்கில் உமித்தூள் அடைப்பு. உதறி, நனைத்து, மறுபடி கட்டினேன். ஃபேனுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நன்றாக ஓடுகிறது.

அவள்தான் நன்றாக இல்லை.

2.9.1979
மழை. காலையிலிருந்து இளைப்பு. "இன்னாங்க, அந்தப் பொட்டிய நிறுத்துங்களேன். அது வந்தப்புறம்தான் ஜாஸ்தியாச்சு" என்கிறாள். மில்காரனை விட்டுவிட்டு என் பெட்டியைக் குற்றம் சொல்கிறாள்! ஒரு சாக்கு போதவில்லை, அதுதான் கோளாறு. இன்னொன்று கட்டினேன்.

5.9.1979
மூன்றாவது சாக்கு.

11.9.1979
பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஈரச் சாக்கு என்றதும் டாக்டர், "அதை முதல்ல எரிங்க பெரியவரே" என்றார். என் மகன் வயது இருக்கும். ஒரு ஃபேனையாவது பிரித்துப் பார்த்திருப்பாரா? வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டேன். மகள் தனம் கத்தினாள்: "அம்மா வேணுமா, பொட்டி வேணுமா? சொல்லுப்பா!"

நான் சாக்கை நனைக்கச் சொம்பை எடுத்தேன். அதுவே பதிலாகிவிட்டது. மாப்பிள்ளை பலராமன் குதிரை வண்டி கொண்டுவந்தார். அவளைத் தங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

28.9.1979
துவைக்கலாம் என்று சாக்குகளைக் கழற்றினேன். உள்மடிப்பு முழுக்கக் கறுப்பாகப் பூசணம். ஒட்டியிருந்த கடலைத் தோல் ஊறி நாறியது. முகர்ந்ததும் எனக்கே அரை மணி நேரம் இருமல். மூன்றையும் இந்தக் கையால்தான் கட்டினேன் — அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.

நிறுத்திவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

30.9.1979
அடி அண்ணாமலைக்கு நடந்தே போனேன். வாசலில் பாஞ்சாலை கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூசியிலும் இளைப்பு இல்லை. தள்ளி நின்று பார்த்தேன்.

"வாங்க" என்றாள். பிறகு, "இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது.

"நல்லா பாத்துக்குங்க அத" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

14.10.1979
பலராமன் வந்தார். "அத்த அங்கியே இருக்கட்டும் மாமா. துணிமணிய எடுத்தாரச் சொன்னாங்க." நாளை வரச் சொன்னேன்.

15.10.1979
துணி டிரங்க், காற்றுப்பெட்டி ஓடிய அறையில்தான் இருந்தது. திறந்ததும் அதே பூசண நாற்றம். பதினொரு புடவைகளையும் கிணற்றடிக்கு எடுத்துப் போய்த் துவைத்தேன். எதிர்வீட்டுச் சடையன், "இன்னா பெரியவரே, இந்த வயசுல பொண்டாட்டி புடவ தோய்க்கிறீங்க?" என்று சிரித்தான். மூன்று தண்ணீரில் அலசி முகர்ந்து பார்த்தேன். நான்காவது தண்ணீரும் விட்டேன்.

பலராமன் வந்து நிற்கிறார். இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.