ஓடு கழற்றிய ஆட்டுச்சிங்கிகள்

நாள் 63, காலை 06:15

அழுத்தம் சரி. பிராணவாயு சரி. வெளி நீர் எட்டு டிகிரி. கடல் மட்டத்துக்கு அரை கிலோமீட்டர் கீழே, ஆய்வு நிலையம். ஆட்கள் இருவர்: விலங்கியல் பார்க்கும் நான், ஜெசிந்தா, இயந்திரம் பார்க்கும் இசக்கிராஜ்.

நிலையத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஓடுகள். ஆட்டுச்சிங்கிகள் சட்டை உரித்துவிட்டன. பெயர் இசக்கி வைத்தது. ஆட்டுக்குட்டி அளவுக்குச் சிங்கி இறால் இருந்தால் வேறென்ன சொல்வது? முதுகெலும்பு இல்லாத பிராணி. நமக்கு உள்ளே எலும்பு, அதற்கு வெளியே ஓடு. உடம்பு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இப்போது மெத்தென்று பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். வாய் கெட்டிப்பட்டதும் வந்து, கழற்றிய ஓடுகளையே தின்னும். புது ஓட்டுக்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும்.

நாள் 63, மாலை 17:30

மேலே கப்பலில் இருக்கும் திட்ட இயக்குநர் நீலமேகம் கேமராவில் பார்த்துவிட்டுப் பேசினார்.

"எல்லாம் செத்துப்போச்சு டாக்டர். உயிரினம் இல்லைன்னு எழுதிட்டா சுரங்க வேலையை ஆரம்பிச்சிடலாம்."

பிணமில்லை, கழற்றிய ஓடு என்றேன். பள்ளிக்கூடத்துப் பாடம் இது. மனுஷர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மேலிருந்தபடியே இயந்திரக் கையை இயக்கி, எல்லா ஓடுகளையும் கூடையில் வாரி இழுத்துக்கொண்டார். கண்காட்சிக்கு வைப்பாராம். ஆத்திரத்தில் காபி டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். இசக்கி வந்து துடைத்தான்.

நாள் 65, 13:40

வந்துவிட்டன. முன்னைவிடப் பெரிசு. ஓடுகள் கிடந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தன. பிறகு நிலையத்தின் கால்களில் ஏறின. நான்கு கால்களும் சுண்ணாம்புக் கான்கிரீட். தரைக்கடியில் கறுக் கறுக்கென்று சத்தம்.

ஓடுகளைத் திருப்பிக் கொட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"கான்கிரீட்டை இறால் தின்னுதா? கொஞ்சம் ஓய்வெடுங்க டாக்டர்."

இந்த ஆளை யார் இயக்குநர் ஆக்கியது? இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் நீலமேகம் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளி விளக்குகளைப் போட்டேன். வெளிச்சம் அதுகளுக்கு ஆகாது, விலகி நின்றன. இசக்கி முங்கு உடையில் வெளியே போய்க் கால்களுக்கு முட்டுக்கொடுக்கிறான். இரும்பு உடை. இருப்பது ஒன்றே ஒன்று.

நாள் 65, 15:05

வடக்குக் கால் முறிந்து அவன்மேல் விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே சிக்கிக்கொண்டான். உடை தாங்குகிறது. காற்று இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

இயந்திரக் கையை இறக்கச் சொன்னேன். கழற்றி வைத்துவிட்டார்களாம், மறுபடி மாட்ட நாளைக் காலை ஆகுமாம். பாவிகள்.

அந்தத் தூணை நகர்த்த என்னால் ஆகாது. தின்னக்கூடியவை இருட்டில் காத்து நிற்கின்றன. இரும்பு அதுகளுக்கு வேண்டாம், சுண்ணாம்புதான் வேண்டும்.

விளக்குகளை அணைத்தேன்.

15:50

வந்து மொய்த்துவிட்டன. அவன்மேல் கிடக்கும் தூணையும் தின்கின்றன, என்னைத் தாங்கும் மூன்று கால்களையும் தின்கின்றன.

நீலமேகம்: "விளக்கைப் போடுங்க. நிலையம் போயிடும். இது உத்தரவு."

இசக்கி: "அக்கா, வெளக்கப் போடுங்க. மிச்சக் காலையும் தின்னுட்டுன்னா நீங்க போயிருவிய."

கோபம் வந்தால் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. வாயை மூடிக்கொண்டு காற்றை மிச்சப்படுத்துடா என்று அவனை வைதேன். மேலே இருப்பவரை வைததை இங்கே எழுத முடியாது.

16:40

"உருவிட்டேன்க்கா. கால் வந்துட்டு."

உடையின் மிதவைப் பையைத் திறந்துகொண்டு மேலே போனான். அழுதேன். அழாமல் என்ன செய்வது, எனக்கிருந்த ஒரே துணை அவன்.

விளக்குகளைப் போட்டேன். எரியவில்லை. வெளி விளக்குகளுக்குக் கால் வழியாகப் போகும் மின்கம்பியும் அறுந்திருக்கிறது. சத்தம் ஓயவில்லை.

17:45

தெற்குக் காலும் போய்விட்டது. தரை சரிந்துவிட்டது, நின்று எழுத முடியவில்லை. சுவரில் கசிவு.

கப்பலிலிருந்து இசக்கியின் குரல். பின்னால் நீலமேகம் கத்துகிறார்.

"அக்கா, கூடைய நானே அவுத்துக் கடல்ல கொட்டிட்டேன். ஓடு பூரா கீழ வருது. பிடிச்சிக்கிட்டு இருங்க."

அட என் ராசா. அரை கிலோமீட்டர் இறங்கி வர வேண்டுமே.

நேரம் தெரியவில்லை

முழங்கால் வரை தண்ணீர். கூரைமேல் டொக்கென்று ஒன்று விழுந்தது. இன்னொன்று. ஓடுகள்தான்.

அடியில் கடிப்பது நிற்கவில்லை.

விடுங்கடி அந்தக் காலை. உங்க ஓடு வந்திருக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டான். மேலே பாருங்க. சனியன்களே, மேலே