மார்சேய்க்குப் போன நாற்பது சிப்பம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
10 நவம்பர் 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். மார்சேய்க் குளிரில் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார் என்று உங்கள் மருமகள் அன்னக்கிளி சொல்லிச் சிரிக்கிறாள். ஒன்றாம் தேதி இந்தியக் கொடி ஏறியது. உங்கள் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மில்லிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அனுப்பும் கூடாரத் துணிச் சிப்பங்களில் இத்தனை காலமும் 'பிரெஞ்சிந்தியா' என்றுதானே மை அடிப்பார்கள்? இவர் புது அச்சுத் தகரம் வெட்டி வெறும் 'இந்தியா' என்று அடித்துவிட்டார். கான்வென்டில் படித்தவளாயிற்றே என்று பிரெஞ்சு எழுத்தைப் பெரிதாக வரையச் சொன்னார். நானும் வரைந்து கொடுத்தேன். மில் துரை விருந்துக்குப் போயிருந்ததால் யாரும் கேட்கவில்லை. நாற்பது சிப்பமும் கப்பலேறிவிட்டன. மார்சேயில் நீங்கள் வேலை பார்க்கும் பட்டாளக் கிடங்குக்குத்தான் வரும். பார்த்ததும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
தையல்நாயகி

மார்சேய்
20 ஜனவரி 1955

அன்புத் தங்கைக்கு,

மில்லுக்குத் தந்தி வந்திருக்கும். கூடாரத் துணி ஒப்பந்தத்தைப் பட்டாள இலாகா ரத்து செய்துவிட்டது. பிரெஞ்சு மண்ணில் நெய்த துணியைத்தான் வாங்கலாம் என்பது இவர்கள் விதி. ஊர் கைமாறினாலும் இந்தியாவோடு உடன்படிக்கை இன்னும் முடியாததால், காகிதத்தில் புதுச்சேரி பிரெஞ்சு மண்தான். அதை வைத்துத்தான் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. சிப்பத்தில் வேறு பெயர் இருக்கிறதென்று ஓர் அறிக்கை மேலே போனது. கழற்றிவிடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமானதாகிவிட்டது. இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்
கலியமூர்த்தி

முதலியார்பேட்டை
6 மார்ச் 1955

அன்புள்ள அண்ணனுக்கு,

கூடாரத் துணித் தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. இருநூறு பேருக்கு வேலையில்லை. பிரெஞ்சுக் கான்சலிடம் போனார்கள்; டில்லியைக் கேளுங்கள் என்றார். டில்லியிலிருந்து வந்த அதிகாரி, இது மில்லுக்கும் பாரிசுக்கும் உள்ள வியாபாரம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். வேறு யாரும் கைக்கு அகப்படாததால் எல்லாரும் இவர் மேல் பாய்கிறார்கள். மில்லில் இவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள். இவரோடு ஒரே இலையில் சாப்பிட்ட தறிக்கார அம்மாவாசை நேற்று வாசலில் நின்று, "ஒன் கொடி ஆசைக்கு எங்க அடுப்ப அணைச்சிட்டியேடா, ராமலிங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரோ, மச்சான் அங்கே இருக்கிறார், பேசிச் சரி பண்ணிவிடுவார் என்று என்னிடம் மட்டும் சொல்கிறார். தபால்காரர் வரும் நேரத்துக்கு முகம் கழுவிக்கொண்டு உட்காருகிறார்.

மை அடித்தது ஓர் ஆளின் அவசரம், மில் செய்ததல்ல என்று நீங்கள் அங்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அந்த அறிக்கையை எழுதியவர் யார், அண்ணா? உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தையல்நாயகி

மார்சேய்
2 மே 1955

அன்புத் தங்கைக்கு,

யார் எழுதினார்கள் என்றெல்லாம் இங்கே கேட்க முடியாது. ஊர் கைமாறியதிலிருந்து எங்களைப் போன்றவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் என் வேலையும் போகும். மாப்பிள்ளையைக் கடலூர்ப் பக்கம் வேலை தேடச் சொல். அன்னக்கிளிக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

கலியமூர்த்தி

முதலியார்பேட்டை
19 ஜூலை 1957

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி நெஞ்சு கெட்டு, மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். மில்லுத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வைத்திக்குப்பத்துப் படகுக்காரர்கள் வந்து தூக்கினார்கள்.

தையல்நாயகி

மார்சேய்
14 செப்டம்பர் 1962

அன்புத் தங்கைக்கு,

உடன்படிக்கை ஒருவழியாகப் போன மாதம் அமலுக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் கான்சல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் நீயும் அன்னக்கிளியும் பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்கலாம். இங்கே வந்துவிடுங்கள். ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

வருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான். அது மாப்பிள்ளை செய்த வேலை என்று உன் கடிதத்தால் எனக்குத் தெரியும். அந்த எழுத்தைத் தார் பூசி மறைக்க அரை நாள் போதும். ஆனால் பக்கத்தில் மேலதிகாரி நின்றார். நானும் பிரெஞ்சுக்காரன்தான் என்று அவரிடம் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். மில்லை எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னை மன்னிப்பாயா?

உன் அண்ணன்
கலியமூர்த்தி

முதலியார்பேட்டை
22 அக்டோபர் 1962

அண்ணனுக்கு,

சீட்டைக் கிழித்த அன்றே மில்லில், பாரிசிலிருந்து வந்த அந்த அறிக்கையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். கீழே உங்கள் கையெழுத்து இருந்தது. யார் எழுதியது என்று கேட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்றேன்.

அதற்கு அப்புறம்தான் மார்ச் மாதக் கடிதத்தை உங்களுக்கு எழுதினேன். நீங்களாகவே சொல்லிவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். அப்போதே சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், அண்ணா. சத்தியமாக மன்னித்திருப்பேன். இரண்டு வருஷம் அவர் தபாலுக்காக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாகும் அன்று கூட, "மச்சான் தன்னால ஆனத செஞ்சிருப்பாரு" என்றார். நானும் ஆமாம் என்றேன். உங்களுக்காக அவரிடம் பொய் சொன்னேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கான்சலிடம் நாங்கள் எதுவும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அன்னக்கிளிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கடலூர். பரிசம் போட வந்தவர்கள், பெண்ணுக்கு மாலை போடத் தாய்மாமன் யார் என்று கேட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தையல்நாயகி