கீரை கழுவிய வாரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மர்பி டவுன் சந்தில் கீரைக்கார அக்காவிடம் பாலக் கீரை இரண்டு கட்டு. ஒன்று லேபுக்கு, ஒன்று கூட்டுக்கு.

லேபில் மறுபடியும் பூஜ்யம். கீரையை அரைத்து, பச்சைச் சவ்வைப் பிரித்து, கழுவி, விளக்கைப் போட்டால் ஆக்ஸிஜன் வர வேண்டும். திரையில் ஆக்ஸிஜன் கோடு படுத்தே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கைடு சாருக்கு ஆக்ஸிஜனைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடுவார். இரண்டு வருஷ உழைப்பு அம்போ.

ஜூலை 9, புதன்

கீரைக்கார அக்காவிடம் சண்டை. "உங்க கீரைல உசிரே இல்லக்கா."

"ஐயே! காத்தால பறிச்சது. மத்தவங்கல்லாம் துன்னுட்டு நல்லாத்தான் கீறாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாணியம்பாடியிலிருந்து அம்மா போன். தலைப்பு விஷயம் சொன்னேன். "ஒத்து வரலன்னா ஊருக்கு வந்துடுடி. படிச்சது போதும்." வைக்கும்போது வழக்கமான பாட்டு: "கீரைய மூணு தண்ணி வுட்டுக் கழுவு. மண்ணு நறநறங்கும்."

ஜூலை 10, வியாழன்

வெயில், அப்பாடா. ஷாம்பு தீர்ந்தது.

நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன். எலக்ட்ரான் வந்து சேர்ந்தால் நீலம் போய்விடும். விளக்கு எரிய எரிய நீலம் அப்படியே. பக்கத்து மேசை நிர்மலா எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக்குப் பதிலா எலக்ட்ரான் குடுக்குற மருந்து ஒரு சொட்டு விடுப்பா."

விட்டேன். நீலம் போயே போச்சு!

ஆக, பச்சையம் சாகவில்லை. ஒளி பட்டதும் எலக்ட்ரானை அனுப்பிவிடுகிறது. காலியான இடத்தை நிரப்பத் தண்ணீர் உடைய வேண்டும். அதில் மிஞ்சுவதுதான் ஆக்ஸிஜன். உடைக்கிற வேலை சவ்வில் ஒட்டியிருக்கிற மாங்கனீஸுடையது. அந்த மாங்கனீஸ் எங்கே?

"சவ்வ எதுல கழுவுன?" என்றாள் நிர்மலா.

"டிரிஸ் கரைசல்ல. சுத்தமா இருக்கட்டும்னு தண்ணி கலக்காம அப்படியே. மூணு வாட்டி."

"அய்யோ மகராசி! அவ்ளோ கெட்டியா ஊத்துனா மாங்கனீஸ் கழண்டு வந்துடாதா? எல்லாம் சிங்க்குக்குப் போச்சு."

தலையில் அடித்துக்கொண்டாள். நானும்.

ஜூலை 11, வெள்ளி

கீரைக்கார அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, மூணு கட்டு எடுத்துக்க." எடுத்துக்கொண்டேன், வேறு வழி?

நீர்த்த கரைசல். ஒரே அலசல். எல்லாம் ஐஸ் மேலேயே. சார் பின்னால் நிற்கிறார். விளக்கைப் போட்டேன். கோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

சார் கன்னடத்தில், "சரி, இதன்னே முந்துவரிசி." இதையே தொடரச் சொல்லிவிட்டார்! பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அம்மாவுக்கு போன். பாதிதான் சொல்லியிருப்பேன்.

"பாத்தியா? இன்னிக்குதான் நான் சொன்ன மாதிரி நல்லாக் கழுவியிருப்ப."